14 ஆவர்த்தனம், 84 இடம்: நொட்டுஸ்வரத்துக்கு நோட்டு தேடி எடுத்த பதிவு

போன வியாழக்கிழமை ராத்திரி எட்டேகால் மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் புல்லாங்குழல், கீபோர்டு, அத்தையின் குரல் மூன்றும் ‘ஸந்ததம் பாஹிமாம்’ பாட்டைத் தொடங்கி, நடுவில் நிற்காமல், கடைசி கார்வையில் (நீண்டு நிற்கும் ஸ்வரத்தில்) ஒன்றாக வந்து இறங்கின. பாட்டு மொத்தம் ஒரு நிமிஷம்கூட இல்லை. அதற்கு வேண்டிய காகிதம் கைக்கு வர ஏழு வாரம் ஆனது. தேடியவிதம் மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன். வீட்டில் இப்படிக் கலந்து வாசிக்க ஆசைப்படுகிற யாருக்காவது உதவும்.

நான் புல்லாங்குழல் வாசிக்கிறேன், ஐந்து கட்டை, அதாவது மேற்கத்திய முறையில் ஜி ஸ்ருதி. அத்தைக்கும் ஐந்து கட்டைதான் ஸ்ருதி. அக்கா மகள் மேற்கத்திய முறையில் கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். ஐந்து கோட்டு நோட்டு இருந்தால்தான் வாசிப்பாள். எங்களுக்கு ஸரிகம இருந்தால்தான் வரும். நவராத்திரிக் கொலுவில் மூன்று பேரும் சேர்ந்து ஏதாவது வாசிக்கலாம் என்று ஆடி மாதம் பேச்சு வந்தபோது எனக்கு உடனே தோன்றியது நொட்டுஸ்வரம்தான். முத்துசுவாமி தீக்ஷிதர் மணலியில் இருந்த காலத்தில் காதில் விழுந்த ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்யம் (பாட்டு வரிகள்) செய்து வைத்தவை அவை. எல்லாம் சங்கராபரண ராகத்து ஸ்வரங்கள். ஸ்வரத்தை அசைத்து இழுக்கும் கமகம் கிடையாது. கீபோர்டுக்காரிக்குச் சிரமமில்லை, குழந்தைக்கும் பாட வரும். ‘ஸந்ததம் பாஹிமாம்’ பாட்டின் மெட்டு இங்கிலாந்து ராஜா வாழ்த்து, ‘காட் சேவ் தி கிங்’. உலகத்தில் பாதிப்பேருக்குத் தெரிந்த மெட்டு என்பதால் நோட்டு உடனே கிடைத்துவிடும் என்று நினைத்தேன். ஐந்து பாட்டு என்று திட்டம் போட்டேன். மூன்று முடிந்தது, ஒன்று பாதியில் நிற்கிறது, ஒன்றை இன்னும் தொடவே இல்லை.

முதல் வாரம் முழுக்க இணையத்தில் தேடியதில் போனது. செல்போனில் ஆங்கில எழுத்தில் ‘நொட்டுஸ்வரம்’ என்று போட்டால் பாடிக் காட்டும் வீடியோக்கள் வரிசையாக வந்தன, ஸ்வரம் எழுதிய பக்கம் ஒன்றிரண்டுதான் வந்தது. அப்புறம்தான் எழுத்துக்கூட்டலில் விஷயம் இருக்கிறது என்று புரிந்தது. ‘நொட்டு’ என்பதை ஒரு ‘டி’ போட்டு எழுதுகிறவர்கள் உண்டு, இரண்டு ‘டி’ போடுகிறவர்கள் உண்டு. ‘ஸ்வர’ என்பதில் சிலர் ‘வி’, சிலர் ‘டபிள்யூ’. தீக்ஷிதர் பெயரை மட்டும் ஆறு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, எந்த எழுத்துக்கூட்டலுக்கு எது கிடைத்தது என்று எழுதிக்கொண்டே போனேன். அந்தப் பக்கம்தான் இந்த வேலை முழுவதிலும் எனக்கு அதிகம் உதவியது. ஒரே புத்தகம் இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு இடத்தில் ஏற்றப்பட்டிருப்பதும், ஒன்றில் இல்லாத பக்கம் இன்னொன்றில் இருப்பதும் அதனால்தான் தெரிந்தது.

இரண்டாம் வாரம் வழி தவறினேன். தீக்ஷிதர் கீர்த்தனைகளுக்கு ஆதார நூல் என்றால் எல்லோரும் கை காட்டுவது, அதே குடும்பத்தில் பிற்பாடு வந்த சுப்பராம தீக்ஷிதரின் ‘ஸங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி’. 1904ல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சானது. அதன் ஆங்கில ஆக்கம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழில் மியூசிக் அகாடமி ஐந்து பாகமாகப் போட்டிருக்கிறது. பெரிய நூலில் எல்லாம் இருக்கும் என்று நம்பி சங்கராபரணப் பகுதியை மூன்று இரவு புரட்டினேன். ‘அக்ஷயலிங்க விபோ’ இருந்தது, நான் தேடியது கண்ணில் படவில்லை. அதே சுப்பராம தீக்ஷிதர் அடுத்த வருஷம், 1905ல், பிள்ளைகளுக்காகப் போட்ட ‘ப்ரதமாப்யாஸ புஸ்தகமு’வில்தான் நொட்டுஸ்வரங்கள் இருக்கின்றன என்பது அப்புறம் தெரிந்தது. யோசித்தால் அதுதான் சரியான இடம். ஆரம்பப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதை ஆரம்பப் பாடப் புத்தகத்தில்தானே வைப்பார்கள்! ஆனால் அதுவும் தெலுங்கு. எனக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. ஏழு ஸ்வர எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டு படிக்கலாமா என்று ஒரு நாள் முயன்றேன். ஸ்வரம் பிடிபட்டது, சாகித்யம் பிடிபடவில்லை. விட்டுவிட்டேன்.

இந்தத் தேடலில்தான் சின்னசாமி முதலியார் என்ற பெயரைக் கண்டேன். 1893லேயே சென்னையில் இருந்துகொண்டு நம் கீர்த்தனைகளை ஐந்து கோட்டு நோட்டில் எழுதி அச்சிட்டவர். சுப்பராம தீக்ஷிதர் அந்தப் பெரிய நூலை எழுத முன்வந்ததற்கு அவர் கொடுத்த தூண்டுதல் முக்கியக் காரணம். கண் பார்வை மங்கிக்கொண்டிருந்த காலத்திலும், கைப்பணம் கரைந்துகொண்டிருந்தபோதும் இதையே பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் என்று படித்ததும் எனக்கு என் காரியத்தின் மேல் ஒரு பிடிப்பு வந்தது. நான் செய்ய நினைத்தது ஒரு கொலுப் பாட்டு. ஆனாலும் வேலையின் ஜாதி ஒன்றுதான்.

கீபோர்டு பக்கம் சீக்கிரம் கிடைத்தது. ஐஎம்எஸ்எல்பி என்ற தளம் 2006லிருந்து இருக்கிறது. உரிமைக்காலம் முடிந்த மேற்கத்திய இசை நோட்டுகளின் பெரிய கிடங்கு. ஐரோப்பியப் பதிப்பகம் ஒன்றின் வக்கீல் நோட்டீஸால் 2007 அக்டோபரில் மூடி, 2008 ஜூனில் மறுபடி திறந்தார்கள். அங்கே மெட்டின் பெயரைப் போட்டபோது பீத்தோவன் வந்தார். இந்த மெட்டை எடுத்துக்கொண்டு பியானோவுக்கு ஏழு விதமாக மாற்றி எழுதியிருக்கிறார், பட்டியல் எண் 78. முதல் அரைப் பக்கத்தில் மெட்டு மட்டும், எளிமையான கார்டுகளோடு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களோடு), சி மேஜரில். எனக்கு வேண்டியது அந்த அரைப் பக்கம்தான். பிடிஎஃப் இறக்கி, கோப்பின் பெயரை உடனே ‘பீத்தோவன்_காட்சேவ்_சி’ என்று மாற்றி வைத்தேன். இறக்கும்போது கோப்புக்கு வெறும் எண்தான் பெயராக இருக்கும். பத்து கோப்பு சேர்ந்தால் எது எது என்று தெரியாது.

பீத்தோவன் 1827ல் போய்விட்டார், தீக்ஷிதர் 1835ல். நம் நாட்டுச் சட்டத்தில் ஆசிரியர் காலத்துக்குப் பின் 60 வருஷம் என்பது கணக்கு, அதனால் பாட்டுக்குத் தடையில்லை. ஆனால் ஸ்வரப்படுத்திப் பதிப்பித்தவர் உரிமை தனி. அண்மைக்காலப் பதிப்பை ஸ்கேன் செய்து யாராவது ஏற்றியிருந்தால் அதை இறக்காமல் விட்டேன். அப்படிப்பட்ட ஒரு புத்தகத்தைக் கடையில் ₹180க்கு வாங்கினேன்.

மூன்றாம் வாரம் ஒரு பொது மின்னூலகத்தில் தமிழ்ப் பிரதி ஒன்று அகப்பட்டது. பழைய பாடப் புத்தகம், முன்னட்டை இல்லை, பக்கங்கள் பழுப்பேறியவை. நொட்டுஸ்வரங்கள் ஒரு பகுதியாக, ஸ்வரமும் சாகித்யமும் மேலும் கீழுமாக இருந்தன. அச்செடுத்து அத்தையிடம் கொடுத்தேன், நான் குழலை எடுத்தேன். முதல் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) சரி. இரண்டாவதில் குழல் எங்கேயோ மேலே தாவியது. அத்தை நிறுத்திவிட்டு, “என்னடா, நிஷாதம் கீழே இல்லையா?” என்றார்.

முதல் வரி இப்படிப் போக வேண்டும். தாளத்தின் ஒரு எண்ணிக்கையான அட்சரத்துக்கு இரண்டு இடம், மூன்று அட்சரம் கொண்ட திஸ்ர ஏகத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு ஆறு இடம், கமா வந்தால் முந்தின ஸ்வரமே அந்த இடத்துக்கும் நீளும்:

ஸ , ஸ , ரி , | நி , , ஸ ரி , | க , க , ம ,
க , , ரி ஸ , | ரி , ஸ , நி , | ஸ , , , , ,

இரண்டாவது ஆவர்த்தனத்தில் வருகிற ‘நி’யும் ஐந்தாவதில் வருகிற ‘நி’யும் மந்த்ர ஸ்தாயி, அதாவது நடு ‘ஸ’வுக்குக் கீழே இருப்பவை. அச்சில் எழுத்தின் கீழே ஒரு புள்ளி இருக்கும். என் கையில் இருந்த பிடிஎஃப்பில் அந்தப் புள்ளி இல்லை. ஸ்கேன் செய்த படத்தை அளவு குறைப்பதற்காக நசுக்கும்போது, அழுக்கு என்று நினைத்து மென்பொருள் சின்னப் புள்ளிகளை எல்லாம் துடைத்துவிடுகிறது. நமக்கோ அந்த அழுக்கில்தான் ஸ்தாயியே இருக்கிறது. ராஜா வாழ்த்து எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, அதனால் பிடிபட்டது. முன்பின் கேட்டிராத பாட்டாக இருந்தால் மத்ய (நடு) ஸ்தாயி நிஷாதத்தையே மனப்பாடம் செய்திருப்பேன்.

அன்று ராத்திரி பென்சிலை வைத்துக்கொண்டு இடங்களை எண்ணினேன். பாட்டு முதல் பாதி 6 ஆவர்த்தனம், இரண்டாம் பாதி 8. மொத்தம் 14. ஆறால் பெருக்கினால் 84. என் அச்சுப் பிரதியில் 82தான் வந்தது. திரும்ப எண்ணினேன், 82. நாலாவது ஆவர்த்தனத்தில் காந்தாரத்துக்கு (க) பின் ஒரு கமா, பன்னிரண்டாவதிலும் அதே இடத்தில் ஒரு கமா, இரண்டையும் காணோம். அவையும் அந்தப் புள்ளிகளோடு போயிருக்கின்றன. இதற்குப் பிறகு எந்த ஸ்வரப் பிரதி கைக்கு வந்தாலும் வாசிப்பதற்கு முன்னால் எண்ணிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். ஐந்து நிமிஷ வேலை.

அதே பக்கத்தில் பிடிஎஃப் தவிர, மூலப் படங்களைத் தனித்தனிப் பக்கமாக இறக்கவும் வழி இருந்தது. பிடிஎஃப் 9 எம்பி, மூலப் படங்கள் மொத்தமாக 340 எம்பி. வீட்டு வைஃபையில் 20 நிமிஷம் ஆனது. படத்தைத் திறந்து நாலு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் நிஷாதத்தின் கீழே புள்ளி இருந்தது. ஐந்தாவது ஆவர்த்தனத்தில் இருப்பது புள்ளியா, காகிதத்தில் பூச்சி அரித்த ஓட்டையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த பாட்டு ‘ச்யாமளே மீனாக்ஷி’யில் அப்படிச் சந்தேகமான இடங்கள் நாலு. காகிதத்தையே பார்த்தால்தான் தெரியும் என்ற நிலை.

அப்படித்தான் எங்கள் ஊர் மைய நூலகத்துக்குப் போனேன். உறுப்பினர் அட்டை இருந்தும் ஏழெட்டு வருஷமாகப் போகாத இடம். கணினியில் ‘தீக்ஷிதர்’ என்று தட்டினேன், ஒன்றும் வரவில்லை. ‘நொட்டுஸ்வரம்’, ‘ஸாஹித்யம்’, எதற்கும் இல்லை. இல்லை போலிருக்கிறது என்று கிளம்பும்போது நூலகர் மேடம் என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

“பாட்டுப் புத்தகமா சார், சுரத்தோட உள்ளதா?”

“சுரத்தோட வேணும் மேடம். முத்துசுவாமி தீக்ஷிதர்.”

“நீங்க எப்படி அடிச்சீங்க? வடமொழி எழுத்து போட்டா வராது. பட்டியல்ல ‘தீட்சிதர்’னு இருக்கும். சிலதுல ‘முத்துச்சாமி’, நடுவுல ஒரு ‘ச்’.”

‘தீட்சிதர்’ என்று போட்டதும் பதினோரு தலைப்பு வந்தது. இணையத்தில் ஆங்கில எழுத்துக்குச் செய்த அந்தக் கட்டம் போட்ட பக்கத்தைத் தமிழுக்கும் செய்திருக்க வேண்டும். ஸ்வரம், சுவரம், சுரம். ஸாஹித்யம், சாகித்யம், சாகித்தியம். கீர்த்தனை, கீர்த்தனம், கிருதி. பட்டியல் போட்டவர் எந்தக் காலத்தவரோ அந்தக் காலத்து எழுத்து. அன்றே நோட்டில் அடுத்த பக்கத்தில் எழுதினேன்.

பதினொன்றில் வாழ்க்கை வரலாறுகள் ஆறு. மீதி ஐந்தில் மூன்று அலமாரியில் இல்லை. இருந்த இரண்டிலும் நொட்டுஸ்வரம் இல்லை. ஆனால் மேடம் விடவில்லை. நான் செல்போனில் காட்டிய பழைய பக்கத்தைப் பார்த்துவிட்டு, “இந்த மாதிரி அட்டையில்லாத பாடப் புத்தகமெல்லாம் பட்டியல்ல ஏறியிருக்காது சார். உள்ள கட்டுக்கட்டா இருக்கு. வியாழக்கிழமை வாங்க, பார்த்து வைக்கிறேன்” என்றார். 780ஆம் எண் வரிசை இசைக்கு. அந்த எண் ஒட்டாமலே, பைண்டுக்குப் போகக் காத்திருந்த கட்டு ஒன்றில் அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி இருந்தது! முன்னட்டை இதற்கும் இல்லை, உள் பக்கங்கள் முழுசாக இருந்தன. அதை மடியில் வைத்துக்கொண்டு பார்த்த அந்த அரை மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். ஈயத்தில் அடித்த எழுத்து, காகிதத்தின் மறுபக்கம் தடவினால் விரலுக்குத் தெரிகிறது. மந்த்ர ஸ்தாயிப் புள்ளி எழுத்துக்கு நேர் கீழே இல்லாமல் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி விழுந்திருக்கிறது. அச்சுக் கோத்தவரின் கைவாகு போலும், புத்தகம் முழுக்க அப்படியே. அது தெரிந்ததும் ஸ்கேனில் சந்தேகமாக இருந்த மற்ற இடங்களும் விளங்கிவிட்டன. வலப்பக்கம் இருந்தால் புள்ளி, இடப்பக்கமோ நடுவிலோ இருந்தால் அழுக்கு. ஐந்தாவது ஆவர்த்தனத்தில் இருந்தது புள்ளிதான்.

ஜெராக்ஸ் எடுக்க வேண்டாம், முதுகு விட்டுவிடும் என்று மேடம் சொன்னது நியாயமாக இருந்தது. படம் எடுக்க அனுமதி கொடுத்தார். முதல் முறை எடுத்த படங்கள் வீண். ட்யூப் லைட் நேர் மேலே இருந்ததால் என் கை நிழல் விழுந்தது. புத்தகத்தை முழுக்க விரித்துப் பிடித்ததில் உள்ஓர எழுத்துகள் வளைந்து, அங்கே கமா எது புள்ளி எது என்று தெரியவில்லை. இரண்டாம் முறை ஜன்னல் ஓர மேஜைக்குப் போனேன். புத்தகத்தைப் பாதி மட்டும் விரித்து, திறந்த பக்கத்துக்கு அடியில் இரண்டு தடித்த புத்தகங்களை அண்டக் கொடுத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு படம். செல்போன் பக்கத்திலிருந்து சுமார் ஒன்றரைச் சாண் உயரம். ஃப்ளாஷ் இல்லை. ஸ்கேன் செயலியைத் தவிர்த்து வெறும் கேமராவிலேயே எடுத்தேன்; ஸ்கேன் செயலியும் ‘சுத்தம்’ செய்கிறேன் என்று புள்ளியைத் துடைக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ஓரத்தில் சின்ன ஸ்கேலை வைத்து எடுத்தேன். பிற்பாடு பெரிதாக்கும்போது எழுத்தின் அளவு தெரிய அது உதவியது. மொத்தம் 14 படம்.

பிறகு மியூஸ்ஸ்கோர். ஐந்து கோட்டு நோட்டு எழுதுவதற்கான இலவச மென்பொருள், பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது. முதலில் பீத்தோவனின் சி மேஜரை ஜிக்கு மாற்ற வேண்டும், எங்கள் ஐந்து கட்டைக்கு. மெட்டையும் கார்டையும் கையாலேயே அடித்தேன், ஒன்றரை மணி நேரம். ஸ்ருதி மாற்றும் இடத்தில் ‘அருகில் உள்ளது’ என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். சியிலிருந்து ஜிக்கு மேலே போனால் ஐந்தாம் ஸ்வரம், கீழே போனால் நாலாம் ஸ்வரம். கீழே இருப்பதுதான் கிட்டம். அதனால் எல்லாம் கீழே இறங்கிவிட்டது. இடது கைக் கார்டுகள் அடியில் போய் ஒரே முழக்கம். அக்கா மகள் நாலு பார் (ஆவர்த்தனத்துக்கு அவர்கள் பெயர்) வாசித்துவிட்டு, “மாமா, லெஃப்ட் ஹேண்ட் சேறு மாதிரி இருக்கு” என்றாள். எல்லாவற்றையும் அழித்து, மேல்நோக்கி மாற்றினேன். மெட்டின் அடி ஸ்வரம் எஃப் ஷார்ப், உச்சி ஈ. பாடவும் வாசிக்கவும் சரியான உயரம்.

அடுத்து கோட்டுக்குக் கீழே இரண்டு வரி: மேல் வரி ஸரிகம, கீழ் வரி சாகித்யம். மூன்று பேருக்கும் ஒரே காகிதம் இருந்தால் ஒத்திகையில் “மூணாவது பார்”, “மாம்-லேர்ந்து” என்று யார் எதைச் சொன்னாலும் மற்றவர்களுக்குப் புரியும். கண்ட்ரோல் எல் அழுத்தினால் பாடல் வரி அடிக்கலாம். தமிழ் அடித்தேன், திரையில் நன்றாக இருந்தது, பிடிஎஃப் எடுத்தால் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துருவை நோட்டோ ஸான்ஸ் தமிழுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

சரியாகாதது ஸ்தாயிப் புள்ளி. மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் தலையில் புள்ளி வைப்பது அச்சு மரபு. கணினித் தமிழில் தலையில் புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்து, ‘ஸ’ போய் ‘ஸ்’ ஆகிவிடுகிறது. கீழ்ப் புள்ளியை ஒட்டிப் பார்த்தேன், ‘நி’யின் கொக்கிக்கு அப்பால் எங்கேயோ போய் நின்றது. இரண்டு மாலை இதிலேயே போனது. கடைசியில் அச்செடுத்த தாளில் சிவப்புப் பேனாவால் கையால் வைத்தேன். 0.5 முனை, ₹10. மெட்டு மேலே நோட்டில் தெளிவாக இருப்பதால் ஸ்வர வரியில் சிவப்புப் புள்ளி போதும். அத்தைக்கு எழுத்து பெரிதாக வேண்டும் என்று அவருக்கு மட்டும் ஏ3 தாளில் எடுத்தேன். ஏ4 ஒரு பக்கம் ₹5, ஏ3 ₹15.

‘ஸந்ததம்’ இந்த மெட்டில் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது என்பது இந்த மூன்று வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஸந்-த-தம், பா-ஹி-மாம், ஸங்-கீ-த, ச்யா-ம-ளே. ஒரு ஆவர்த்தனத்துக்கு மூன்று அசை, ஒன்றுக்கு ஒன்று. இழுத்து நிற்கிற இடத்திலெல்லாம் நெடில். இரண்டாவது ஆவர்த்தனத்தில் நிஷாதம் மூன்று இடம் நிற்கிறதே, அதில் விழுவது ‘பா’. அடுத்து ஒரே இடம் கிடைக்கிற ஷட்ஜத்தில் (ஸ) ‘ஹி’, குறில். ரிஷபத்தில் (ரி) ‘மாம்’. நாலாவதில் காந்தாரம் அதே மாதிரி மூன்று இடம் நிற்கிறது, அங்கே ‘ச்யா’. ஆங்கிலப் பாட்டுக்கு வார்த்தை மாற்றிப் போட்டது என்று இதை லேசாகச் சொல்கிறவர்கள் உண்டு. ஒரு முறை இப்படிக் கட்டம் கட்டமாக எழுதிப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

பாதியில் நின்ற பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘ஜகதீச குருகுஹ’ பாட்டின் மெட்டு ஸ்காட்லாந்துப் பக்கத்து ஆட்ட மெட்டு, ‘லார்டு மெக்டொனால்ட்ஸ் ரீல்’ என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அந்த வகை மெட்டுகளை வெறும் ஆங்கில எழுத்தாலேயே எழுதிப் பகிர்கிற முறை ஒன்று இருக்கிறது, ஏபிசி என்று பெயர். நம் ஸரிகம மாதிரியேதான். அந்த எழுத்துகளை மென்பொருளில் ஒட்டினால் ஐந்து கோட்டு நோட்டாகிவிடும். ராஜா வாழ்த்துக்குச் செய்ததுபோல மேற்கத்திய நோட்டை முதலில் எடுத்து, சாகித்யத்தை அதன் கீழே வைக்கலாம் என்று போனேன். ஒரே பெயரில் பல வடிவங்கள் கிடைத்தன, ஒவ்வொன்றிலும் வளைவு வேறு. பத்து நாள் உட்கார்ந்தும் எதுவும் புத்தகத்து ஸ்வரத்தோடு இரண்டு பாருக்கு மேல் ஒட்டவில்லை. காதால் கேட்டுக் காதால் போகிற மெட்டு, இருநூறு வருஷத்தில் அங்கேயும் மாறியிருக்கும், இங்கேயும் மாறியிருக்கும். ராஜா வாழ்த்து அதிகம் மாறாமல் நின்றதால் எனக்கு அது எளிதாக அமைந்தது, அதை வைத்து மற்றதும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். ‘சக்தி ஸஹித கணபதிம்’, ‘ச்யாமளே மீனாக்ஷி’ இரண்டுக்கும் அதனால் மேற்கத்திய மூலம் தேடவே இல்லை. புத்தகத்து ஸ்வரத்தை எண்ணி, சரிபார்த்து, அதையே நேராக ஐந்து கோட்டில் ஏற்றினேன். ஒரு பாட்டுக்கு ஒரு மாலைதான் ஆனது. கார்டுகளை அக்கா மகளே அவள் டீச்சரிடம் கேட்டுப் போட்டுக்கொண்டாள்.

செலவு: கடையில் வாங்கிய புத்தகம் ₹180, அச்சுக்கு மொத்தம் ₹95, பேனா ₹10, நூலகத்துக்கு நாலு தடவை போய்வர பஸ்ஸுக்கு ₹96. ஆக ₹381. இதில் புத்தகத்தை வாங்காமலே இருந்திருக்கலாம், நொட்டுஸ்வரம் அதில் இரண்டுதான் இருந்தது. ஆனால் இரண்டும் பழைய பிரதியோடு ஒத்திட்டுப் பார்க்க உதவின.

மறுபடி செய்தால் முதல் நாளே நூலகத்துக்குப் போவேன். இணையத்தில் தேடுவதை அதற்குப் பிறகு, என்ன பெயரில் தேடுவது என்று தெரிந்த பின் வைத்துக்கொள்வேன். செல்போன் படங்களை அன்றன்றே, புத்தகம் எதிரில் இருக்கும்போதே பெரிதாக்கிச் சரிபார்ப்பேன். வீட்டுக்கு வந்து பார்த்ததால் ஒரு பஸ் பயணம் கூடியது. மியூஸ்ஸ்கோரில் ஸ்வர வரியை அடிப்பதற்கு முன்னால் ஸ்ருதியை முடிவு செய்வேன்.

நேற்று அந்தப் புத்தகம் பைண்டு ஆகி வந்துவிட்டதா என்று கேட்கப் போனேன். வந்துவிட்டது, புது அட்டை, முதுகில் 780. பட்டியலில் ஏற்றுவதற்குத் தலைப்பு என்ன போடலாம் என்று மேடம் கேட்டார். என் நோட்டிலிருந்து அந்த எழுத்துக்கூட்டல் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். குறிச்சொல் இடத்தில் நொட்டுஸ்வரம், நோட்டுசுவரம், நொட்டுசுரம் மூன்றையும் என் எதிரிலேயே தட்டினார். ‘ஜகதீச குருகுஹ’ இருக்கிற பக்கத்தை இன்னொரு முறை, இந்தத் தடவை ஜன்னல் வெளிச்சத்தில், எடுத்துக்கொண்டு வந்தேன். எண்ணிப் பார்த்ததில் கடைசி வரியில் இரண்டு இடம் குறைகிறது. ஸ்கேனிலா, அச்சிலேயேவா என்று இன்று ராத்திரி பார்க்க வேண்டும்.